கீரிமலைக் கேணிக்கரையிலே

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே, உவர்நீரும் நன்னீரும் ஒரு மதிலின் இரு புறத்தும் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. மதிலுக்கு அப்பால் கடல் அலைமோதும். இப்பால், படிகள் இறங்கும் கேணியிலே தெளிந்த நீர் ஓயாது ஊறிக்கொண்டிருக்கும். கீரிமலை என்னும் பெயரைக் கேட்டு மலையைத் தேடி வருவோர் ஏமாந்து போவர். குடாநாட்டிலே மலை ஏது? கற்பாங்கான சிறு மேட்டையே நம் முன்னோர் மனமுவந்து மலையென்று அழைத்தனர் போலும்.

இந்நீர் எங்கிருந்து வருகின்றது? குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல்லாலானது. ஐப்பசி, கார்த்திகையிலே செம்பாட்டுத் தோட்டங்களில் விழும் மழை அக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் புகுந்து, நிலத்தடியே வழி கண்டு, கடலோரத்திலே வெளிப்படுகின்றது.

கீரிமுகம் கொண்ட நகுலமுனிவரும், குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடித் தம் முகம் மாறப் பெற்றனர் என்பது ஐதிகம். மா விட்ட புரமே மாவிட்டபுரம் ஆயிற்று என்றும், ஆங்குள்ள கந்தசுவாமி கோயில் அவ்விளவரசி எழுப்பியது என்றும் கூறுவர். முகம் மாறிய அற்புதத்தினும், அவள் இங்கே தங்கி, நாள்தோறும் நீராடி, வழிபட்டு வந்தாள் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. கண்ணாடியைக் கண்டு அஞ்சிய ஒரு பெண்ணுக்கு விடியற்காலை எழுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததல்லவா!

நாம் நண்பர் சிலராய்ச் சென்ற அன்று பொழுது நன்றாகப் புலரவில்லை. ஆயினும் ஆண்கள் கேணியிலே ஏழெட்டுப் பேர் இறங்கியிருந்தனர். பெண்கள் கேணி மதில் சூழத் தனியே உள்ளது. ஆங்கிருந்தும் பேச்சொலி கேட்டது. துவாயைத் தோளிலிட்டுச் சைக்கிளிலே வந்த முதியவர் ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கலாம், இளைஞரைப்போல் நீரிலே குதித்தார். கரையேறியதும் நம்மோடு பேச்சுக் கொடுத்தார்.

“வீட்டிலை ஆர் இருக்கினம், தம்பிமார்? பிள்ளையள் மூண்டு பேரும் வெளிநாட்டிலை. மனிசியும் போயிட்டா. இஞ்சை வந்தால் நாலு பேரோடை கதைச்சுப்போட்டுப் போகலாம். வராட்டில் இவங்கள் தேடி வந்திடுவாங்கள்.”

கடைசி வாக்கியத்தை அவர் நகைத்துக்கொண்டே சொன்னார். ஒரு நாள் வராதவிடத்துத் தேடி வருவதற்கு ஆள் இருப்பது சிறிய செல்வமன்று. கேணிநீர் பிணி தீர்க்கும் என்பாருமுளர். அதனை நாம் ஆராயப் புகவில்லை. தண்ணீரிலே மூழ்கி எழும்போது மூச்சு ஒழுங்குபடுவதையும், நீந்திக் களைத்தபின் பசி எடுப்பதையும் நாமே கண்டோம். பரீட்சைக் கவலையிலே இரவு முழுவதும் விழித்திருக்கும் மாணவருக்கு ஒரு சொல்: புத்தகத்தை மூடிவிட்டு ஒரு காலை இங்கே வந்து செல்லுங்கள். (சவர்க்காரத்தை மட்டும் வீட்டிலே விட்டு வாருங்கள்.) ஆனால், வாரக்கணக்காக உறக்கம் கெட்டு, உணவை வெறுத்து, உயிரையும் வெறுத்திருப்பவரைக் கேணிக்கு அழைத்துச் சென்றதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. அவருக்கு வைத்தியர் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்று.

கீரிமலை நீராட்டுக்கு மட்டும் உரிய இடமன்று. நம் துயரங்கள் வந்து கரையும் இடமும் அதுவே. இறந்தோரின் சாம்பல் இக்கடலிலே கரைக்கப்படுகின்றது. அந்தியேட்டி இக்கரையிலே நிகழ்கின்றது. செத்தவீட்டிலே அடுப்பு மூட்டாதிருத்தல், அயலார் உணவு கொணர்தல், எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் என நம் வழக்கம் துயருக்குப் படிகள் அமைத்திருக்கின்றது. அழவேண்டிய நாளில் அழவிட்டு, பின் ஒவ்வொரு படியாக மனிதரை உலகத்துக்குத் திருப்பி அழைத்து வருகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் மனத்திலே விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்திலே ஒரு நூல் வெளியிட்டவர். நம் சடங்குகளும் வழக்கங்களும் ஆற்றுப்படுத்தலுக்குத் துணையாகும் என்பதைத் தம் எழுத்துகளிலே எடுத்துக் காட்டியவரும் அவரே.

அப்படிகளே ஒரு காலத்தில் அடைபட்டுப் போயின. 1990இல் நகுலேஸ்வரம் கோயில் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. சுற்றுப்புறத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்க, ஆண்டுகள் பல மக்கள் விரும்பியபடி வந்து செல்ல இயலாதிருந்தது. தந்தையின் சாம்பலை வேறெங்கோ கரைத்துவிட்டு, கீரிமலையிலே செய்யவில்லையே என்று நெஞ்சு குமைந்தோர் எத்தனை பேர்! திருத்தப்பெற்ற கோயிலின் குடமுழுக்கு 2012இல் நிகழ்ந்தது. காங்கேசன்துறை வரை புகைவண்டி 2015 தொடக்கத்திலே மீண்டும் ஓடத் தொடங்கியது.

ஆடியமாவாசையன்று இக்கரையிலே கால் வைக்க இடமிராது. மாவிட்டபுரக் கந்தனும் தீர்த்தமாட இங்கே எழுந்தருளுவான். தந்தையை இழந்தோர் வரிசையாக அமர்ந்து பிதிர்க்கடன் செய்வர். எள்ளும் நீரும் விட்டு எழும்போது பலர் முகத்திலே ஒரு தெளிவைக் காணலாம்.

சென்றமுறை அவ்வரிசையின் ஓரத்திலே ஒரு தாயும் இருபது வயது மதிக்கத்தக்க மகனும் நின்றனர். குருக்கள் தகப்பனாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். மகன் தாயைப் பார்த்தான். 2009க்குப் பின் அவ்வீட்டுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை என்பதை அருகில் நின்றோர் மெல்லக் கூறினர்.

“அவர் இருக்கிறார், ஐயா,” என்றாள் அத்தாய். “இவன் முழுகிப்போட்டு வரட்டும்.”

குருக்கள் மறுத்து ஒன்றும் கூறவில்லை. அவள் கையிலே திருநீறு கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். மகன் கேணியிலே மூன்று முறை மூழ்கி எழுந்தான். வீதியோரத்திலே, தந்தையரை நினைந்து விரதமிருப்போர் அன்று சமைக்கும் காத்தோட்டிக்காயைக் கூறு கூறாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தனர். தாய் ஒரு கூறினை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டு, மகனின் ஈரத்தலையைத் தன் சேலைத் தலைப்பாலே துவட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.