பத்து வெள்ளி அரங்கம்
(மலேசியப் பயணம் – 7)

லிங்கிக்குள் நாங்கள் நுழைந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிரம்பானிலிருந்து வரும் வழியெல்லாம் எண்ணெய் தரும் செம்பனை. “இதெல்லாம் ஒருகாலத்துல பால்மரம்” என்று காரோட்டி வந்த நண்பர் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வந்தார். பால்மரம் என்றால் ரப்பர். செம்பனை நிழலில் சொட்டிய நீரைப் பார்த்தபடி, வெட்டுக் கோடுகள் விழுந்த மரங்கள் நின்றிருந்த காலத்தை மனத்துக்குள் வரைந்துகொண்டு வந்தேன்.

ஊருக்குப் பெயர் கொடுத்த லிங்கி ஆறு கலங்கி, அகன்று, அவசரமில்லாமல் போகிறது. இந்தக் கரை நெகிரி செம்பிலான். ஆறு கடலைச் சேரும் இடத்தில் எதிர்க்கரை மலாக்கா. 19ஆம் நூற்றாண்டில் சிரம்பானைச் சுற்றியுள்ள சுங்கை ஊஜோங்கில் தோண்டிய ஈயம் இந்த ஆற்றில்தான் படகேறிக் கடலுக்குப் போனது. ஈயத்துக்குப் பின் ரப்பர் வந்தது. ரப்பரோடு நம்மவர்கள் வந்தார்கள். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. கங்காணிகள் ஆள் கூட்டி வருவது 1938 வரை நடந்தது.

நான் தேடி வந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்து மேடையை. எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கோயிலுக்கு முன்னால் எங்களுக்காகக் காத்திருந்தார். இடுப்புயரச் சிமெண்டுத் திண்ணை, நான்கு மூலையிலும் கம்பம் நட்ட குழிகள், மேலெல்லாம் பாசி. தொழிலாளர் குடியிருந்த லயன்களை இடித்து, ஆட்கள் பட்டணம் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கோயிலும் திண்ணையும் மட்டும் நிற்கின்றன.

“இதுதான் தம்பி எங்க ஹாலு” என்றார் பெரியவர்.

திருவிழா வந்தால் கீற்றுக் கொட்டகை எழும்பும். கியாஸ் விளக்கு. நாதஸ்வரம், உருமி, தப்பு. பிறகு விடியவிடிய நாடகம். வள்ளித் திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திரனும் இந்தத் திண்ணையில் ஏறியிருக்கின்றன. பகலில் பாலுக்காக மரம் வெட்டியவர்களே இரவில் ராஜா, ராணி, மந்திரி.

“ஒத்திகைக்கு எப்படி ஐயா நேரம் கிடைக்கும்?”

“மழை இருக்குல்ல? மரம் நனைஞ்சா வெட்டு கிடையாது. வெட்டு இல்லைன்னா கூலி இல்ல, வயிறு காயும். ஆனா வசனம் மனப்பாடமாகிடும்.”

இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நாடகம் முடிந்த காலையில் அரிதாரம் கலையாமலே பெரட்டுக்கு நின்றிருக்கிறார். சந்திரமதி வேடம் கட்டியவர் அவர்.

1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த நேரத்தில் இந்தியர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: தோட்டத்தை நாமே வாங்குவோம். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி, அதாவது நூறு மலாயா டாலர். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கெடாவிலிருந்த புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது.

பெரியவர் கோயிலுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய பங்குப் பத்திரம். “பத்து வெள்ளின்னா அப்ப எங்களுக்கு மூணு நாள் கூலிக்கு மேல. எங்க தோட்டத்தைச் சங்கம் வாங்கல. வேற எடத்துல வாங்குனாங்க. அங்க இருந்தவனும் நம்ம ஆளுதானே?”

அந்தச் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் சுல்தான் சுலைமான் சாலையிலுள்ள விஸ்மா துன் சம்பந்தன். அதற்குள் இருப்பது டான்ஸ்ரீ சோமா அரங்கம். சங்கத்தை நெடுங்காலம் நடத்திய கே. ஆர். சோமசுந்தரத்தின் பெயர் தாங்கியது. நூல் வெளியீடு, நாடகம், இசை, நாட்டியம் என்று தலைநகரத் தமிழர் கூடும் இடம் அது. “உள்ளே போயிருக்கீங்களா ஐயா?” என்றேன். இல்லை என்று தலையசைத்தார். அன்று மாலை அங்கே ஒரு நாட்டிய நிகழ்ச்சி இருந்தது. மூவரும் கிளம்பினோம்.

சிரம்பானில் கம்யூட்டர் ரயில் ஏறினோம். கோலாலம்பூரை நெருங்கியதும் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. அதன் அடியில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் இருக்கிறது. கூரைப் பலகைகளை ஏற்றி இறக்கி ஓசையைச் சீர்செய்யும் அருமையான மண்டபம். நாட்டின் எண்ணெய் நிறுவனம் கட்டியது. அரங்கங்களை யார் யார் எழுப்பினார்கள் என்று நினைவு ஓடியது. சென்னை மியூசிக் அகாடமி 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி அரும்பியது. கற்றவர்களும் செல்வர்களும் அதை வளர்த்தார்கள். தமிழிசைக்கு ராஜா அண்ணாமலை செட்டியார் பொருள் கொடுத்தார். அவற்றையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் மரம் வெட்டிய கை மாதம் பத்து வெள்ளி கட்டி வளர்த்த ஒரு சங்கம் தன் கட்டடத்துக்குள் கலைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதே, அதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியாது.

சோமா அரங்கில் விளக்கணைந்தது. மிருதங்கம் தொடங்கியது. பெரியவர் பத்திரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அவ்வப்போது கை அதன்மேல் போய்ப் படிந்தது. ஆடிய பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும். அவளுடைய தாத்தாவோ பாட்டியோ எந்தத் தோட்டத்தில் பால் எடுத்தார்களோ என்று நினைத்தேன்.

இந்த அரங்கில் ஏறும் ஒவ்வொரு கலைஞரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தோட்டத்துக் கோயில் மேடைகளில் ஆட வேண்டும், பாட வேண்டும். பங்கு கட்டியவர்களில் இன்னும் உயிரோடிருப்பவர்கள் முதியவர்கள். லிங்கியிலிருந்து மாலை நிகழ்ச்சிக்கு வந்து திரும்ப அவர்களிடம் வண்டியும் இல்லை, தெம்பும் இல்லை. அவர்கள் வர முடியாவிட்டால் கலை அவர்களிடம் போகட்டும்.

திரும்பும் ரயிலில் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. நீலாய் தாண்டியதும் சொன்னார்: “சத்தம் சுத்தமா கேட்டுச்சு தம்பி. நம்ம மேடையில அப்படிக் கேக்காது. மழை நின்னதும் தவளையும் சேர்ந்து பாடும்.” சற்று நேரம் கழித்து, “பாசியை நாளைக்கே சுரண்டிடலாம்” என்றார்.

(அடுத்த வாரம்: ஆற்றைக் கடந்து மலாக்கா)