ஆவணிப் பட்டம்

கவுண்டி கண்காட்சி முடிந்த மறுநாள் கொட்டகைகளைச் சுத்தம் செய்யப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு வாரம் ஆடும் பன்றியும் முயலும் கோழியுமாக இரைச்சலாக இருந்த இடம், மரத்தூள் வாசனையோடு வெறிச்சென்று கிடக்கும். கூடாரங்கள் நின்ற இடமெல்லாம் புல் சதுரம் சதுரமாக மஞ்சள் பாய்ந்திருக்கும். பெற்றோர் பலருக்கு அந்த வருடத்துக் கிளப் வேலை அதோடு முடிந்தது. பள்ளி திறக்கப் போகிறது, கால்பந்து தொடங்கப் போகிறது, இனி ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கோ வேலை அன்றைக்குத்தான் தொடங்கும்.

கொலம்பஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இங்கே ஒரு ஃபோர்-எச் கிளப்புக்குப் பதினோரு வருடமாகத் தன்னார்வ வழிகாட்டி. தலை, மனம், கை, உடல்நலம் என்ற நான்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து என்பதால் அந்தப் பெயர். நான்கிலை க்ளோவர் சின்னம். இயக்கத்தின் தாய்வீடு எங்கள் ஓஹையோ மாநிலம்தான். 1902 ஜனவரி 15 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில், கிளார்க் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைக் கூட்டி வைத்துத் தொடங்கியது இது. மக்காச்சோள விதையோடு லிட்மஸ் தாளையும் அவர் பிள்ளைகள் கையில் கொடுத்தார், தங்கள் மண் புளித்திருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ள. இத்தனை வருடம் கழித்தும் என் கிளப்பில் பிள்ளைகளின் முதல் பாடம் மண்தான்.

நம் ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வார்கள். ஓஹையோவின் புல்தரைக்குப் பட்டம் ஆவணி. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி வாரம் வரை நீளும். இங்கே வீடுகளில் வளர்கிற கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் மூன்றுமே குளிர்காலப் புற்கள். ஜூலை வெயிலில் அவை பழுத்து உறங்கிவிடும். செத்துப் போனதாக நினைத்து நாம் பதறுவோம். ஆவணியில் மண்ணில் இன்னும் கோடையின் சூடு இருக்கும், காற்று மட்டும் குளிரத் தொடங்கும். விதை முளைக்கச் சூடு வேண்டும், முளைத்த பிள்ளைப்புல் பிழைக்கக் குளிர்ச்சி வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான். அதோடு கோடையில் ஆட்டம் போட்ட கிராப்கிராஸ் களை முதல் உறைபனியில் மடியப் போகிறது. போட்டிக்கு ஆள் இல்லை.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வீடு வாங்கிய முதல் வருடம், எல்லோரும் செய்கிறார்களே என்று ஏப்ரலில் விதைத்தேன். கிராப்கிராஸ் வராமலிருக்க ஒரு மருந்தையும் தூவினேன். முளைக்கிற வேரை முடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. களை விதை எது, நான் போட்ட விதை எது என்று அதற்குத் தெரியாது. மருந்து படாத ஓரத்தில் முளைத்தது ஜூலையில் கருகிப்போனது. மூன்று மாதம் ஊற்றிய தண்ணீரும் வீண்.

போன வருடக் கதையைச் சொல்கிறேன். கண்காட்சிக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் தன் திட்டப்பணியோடு நடுவர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு பத்து வயதுப் பையன். அவனுடைய ஏட்டில் கணக்கெல்லாம் சுத்தமாக இருந்தது. நடுவர் முதல் கேள்வி கேட்டதும் வாய் கட்டிப்போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தான். கொட்டகை சுத்தம் செய்கிற அன்று அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து விளக்குமாற்றை எடுத்தான்.

நாங்கள் கூடுகிற தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். அவர் வீட்டு முன்புறம் 3,000 சதுர அடி புல்தரை. ஆகஸ்ட் கடைசியில் அதில் பழுப்புத் திட்டுகள் விழுந்திருந்தன. இரவில் ஸ்கங்க் வந்து கிண்டிப்போட்ட குழிகள் வேறு. அந்த இலையுதிர்காலத்துக்கு அதையே கிளப் வேலையாக எடுத்துக்கொண்டோம். உறங்குகிற புல்லைப் பிடித்து இழுத்தால் வராது. இது, கொத்தாகப் பிடித்ததும் பாய் சுருட்டுவதுபோலக் கையோடு வந்தது. வேரே இல்லை. ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டச் சொன்னேன். உள்ளே பாலாடை நிறத்தில், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்ட வேர்ப்புழுக்கள். ஜப்பானிய வண்டு ஜூலையில் இட்ட முட்டையின் பிள்ளைகள். ஒரு சதுர அடியில் ஐந்தாறு இருந்தால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் தாங்காது. பையன் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்து எண்ணினான். பதினான்கு.

மருந்து வேலையில் பிள்ளைகளைக் கைவைக்க விடுவதில்லை. அதை நானே செய்து, தண்ணீர் பாய்ச்சி, ஈரம் காயும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. மற்றதெல்லாம் அவர்கள் கை. பிளாஸ்டிக் வாளியில் பதினைந்து இடத்து மண், 4 அங்குல ஆழத்திலிருந்து. துத்தநாகம் பூசிய வாளியென்றால் அந்தத் துத்தநாகம் மண்ணோடு கலந்து பரிசோதனையைக் கெடுத்துவிடும். பிறகு வாடகைக்கு எடுத்த ஏரேட்டர். எங்கள் பகுதியில் களிமண். புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்துவிட்டு, லாரி ஓட்டி இறுக்கிய களிமண். விரல் பருமனில், 2, 3 அங்குல நீளத்துக்கு அந்த இயந்திரம் மண்ணைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே போகும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கவே கூடாது, இரண்டு மழையில் தானே கரைந்து இறங்கிவிடும். அலங்கோலமாக இருக்கிறதே என்று அந்த அம்மா கவலைப்பட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

விதைப் பை வாங்கும்போது படத்தைப் பார்க்காதே, பின்னால் தைத்திருக்கிற சீட்டைப் படி என்பேன். முளைப்பு எத்தனை சதவீதம், களை விதை எத்தனை, பரிசோதித்த மாதம் எது, எல்லாம் அதில் உண்டு. நாங்கள் வாங்கிய டால் ஃபெஸ்க்யூவில் 85 என்றிருந்தது. பையன் நம்பவில்லை. 50 விதையை எண்ணி, ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி, வீட்டுச் சமையலறை மேடையில் வைத்தான். பன்னிரண்டு நாளில் 43 முளைத்தது. நூற்றுக்கு 86 என்று வகுத்தும் வைத்திருந்தான்.

விதைக்கும்போது ஒரு கட்டுப்பாடு: அளந்த விதையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வடக்கு தெற்காகவும் மறு பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவ வேண்டும். ஒரே வாட்டத்தில் தூவினால் விட்டுப்போன கோடு வழுக்கையாக அடுத்த வருடம் வரை தெரியும். விதைமேல் வாரியின் முதுகால் லேசாக ஒரு தடவல். கால் அங்குலத்துக்கு மேல் புதையக் கூடாது. அப்புறம் தினம் இரண்டு வேளை மெல்லிய தெளிப்பு. பள்ளி விட்டதும் முறை வைத்து வந்தார்கள். மூன்று பிள்ளைகள் இரண்டாம் வாரம் நின்றுபோனார்கள். அவர்களுடைய முறையையும் இவன் ஏற்றுக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் மாலை. நின்று பார்த்தால் வெறும் மண். பையன் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தான், நானும் படுத்தேன். சாய்வெயில் எதிரே வர, மண்ணுக்கு மேல் தையல் நூல் கனத்தில் ஒரு பச்சைப் படலம். ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீர். இவ்வளவு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் எனக்கு அதைவிட அழகான காட்சி ஒன்று அமையவில்லை.

புரட்டாசி பிறந்ததும் டாண்டிலியன் களையை அகற்றப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆலோசனை கேட்டு வருவார்கள். குளிர்காலத்துக்காகச் செடி இலையின் சர்க்கரையை வேருக்கு இறக்குகிற பருவம் அது. அதனால் இலையில் படுகிற மருந்தும் சேர்ந்தே இறங்கும். வசந்தத்தில் பூவைப் பார்த்து ஆத்திரப்பட்டு அடிப்பதைவிட அக்டோபர் பல மடங்கு மேல். பிள்ளைப்புல்லை மட்டும் மூன்று நான்கு தரம் வெட்டும்வரை விட்டுவைக்க வேண்டும். க்ளோவரை நான் ஒருநாளும் அடிக்கச் சொல்வதில்லை. 1940களில் 2,4-டி களைக்கொல்லி வரும்வரை புல்விதையோடு அதையும் கலந்தேதான் விற்றார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற செடி, போதாததற்கு எங்கள் சின்னம்.

அக்டோபரில் மேப்பிள் கொட்டும். வேரூன்றிய புல்தரையில், இலையைக் கூட்டி மூட்டை கட்டித் தெருவோரம் வைப்பதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. காய்ந்த இலைமேல் புல்வெட்டியை இரண்டு தடவை ஓட்டினால் காசு அளவுக்கு நொறுங்கிப் புல்லின் அடியில் இறங்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புல்லுக்குக் கெடுதல் இல்லை, டாண்டிலியன்கூடக் குறைகிறது. அந்த அம்மா வீட்டுப் பிள்ளைப்புல்லின்மேல் மட்டும் இலை தங்கக் கூடாது. ஒரு வாரம் மூடிக் கிடந்தாலே வெளிச்சமின்றி வெளுத்துவிடும். அங்கே மட்டும் மூங்கில் வாரியால் கூட்டாமல் தள்ளித் தள்ளி எடுத்தார்கள்.

அக்டோபர் நடுவில் அங்கே முதல் வெட்டு. அலகை 3 அங்குலத்தில் வைத்து, கூர் தீட்டி, நான்தான் ஓட்டினேன். அந்த அம்மா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிட்டுத் திரும்பினால் பையன் அவர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். பதினான்கு புழு, 86 சதவீதம், இரண்டு வாட்டத்தில் விதைப்பு, ஏன் மண் துண்டுகளைப் பொறுக்கவில்லை. அவர் குறுக்கே கேட்கக் கேட்கப் பதில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் கையைப் பிடித்து எழுப்பி, திட்டு விழுந்திருந்த இடத்துக்கு மெல்ல நடத்திக்கொண்டு போனான். குனிந்து இழுத்துப் பாருங்கள் என்றான். ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கொத்தைப் பற்றி அவர் இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கச் சொன்னான்.