ஐம்பது டாலர் காவல்காரன்

அமெரிக்கப் புறநகர்களில் வெயில் காலம் தொடங்கியதும் கதவைத் தட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் எறும்புக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க வருகிறவர். மற்றவர் திருட்டுக்கு மருந்து வைத்திருப்பவர். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை செய்யும் இளைஞர். கோடை விடுமுறைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்த கல்லூரி மாணவராகக் கூட இருக்கலாம். கதவுக்கு சென்சார், ஜன்னலுக்கு சென்சார், ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி, சுவரில் ஒரு பேனல், வாசல் புல்வெளியில் நட்டுவைக்க ஒரு பலகை. எல்லாம் இலவசம். இருபத்துநான்கு மணி நேரமும் எங்கோ ஒருவர் கண்காணித்துக்கொண்டே இருப்பார். அதற்கு மாதம் ஐம்பது டாலர் மட்டும்!

கேட்டுக்கொண்டிருப்பது புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்ளலாம். கணவர் வாரத்தில் மூன்று நாள் வெளியூரில் இருப்பவர். மனைவியும் கைக்குழந்தையும் தனியாக இருக்கும் வீட்டில், இரவு இரண்டு மணிக்குப் பின்பக்கக் கதவருகே சத்தம் கேட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு எதிரே ஐம்பது டாலர் ஒரு தொகையாகவே தெரியாது. வந்திருப்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் மாதத் தொகையையே திரும்பத் திரும்பச் சொல்வார். மொத்தம் எவ்வளவு என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வராது.

இந்த ஐம்பது டாலர் எதற்கு என்று பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும் கருவிக்கு 1853ல் காப்புரிமை பெற்றவர் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப். அந்த உரிமையை 1857ல் எட்வின் ஹோம்ஸ் என்பவர் விலைக்கு வாங்கினார். பாஸ்டனில் போதுமான வியாபாரம் இல்லையென்று 1859ல் நியூயார்க் போனார். முதலில் மணி வீட்டுக்குள்தான் அடித்தது. வீட்டுக்காரரே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பிறகுதான் பல கட்டடங்களின் கம்பிகளை ஒரே நிலையத்துக்கு இழுத்து, அங்கே ஆளை உட்கார வைக்கும் முறை வந்தது. ஆள் உட்கார்ந்தால் சம்பளம், சம்பளம் என்றால் மாதக் கட்டணம். இன்றைக்கும் இத்தொழிலில் பெரிய பெயரான ஏடிடி 1874ல் பிறந்தது. அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராப் என்பதன் சுருக்கம் அது. தந்தி போய்விட்டது, மாதக் கட்டணம் நிற்கிறது.

இன்றைய முறை இப்படி. பூட்டிய வீட்டின் கதவு திறக்கிறது. வீட்டுக்காரராக இருக்கலாம் என்று பேனல் அரை நிமிடம் போலப் பொறுத்துப் பார்க்கும். ரகசிய எண் அழுத்தப்படாவிட்டால், உள்ளே இருக்கும் செல்போன் ரேடியோ மூலம் கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி போகும். அங்கே இருப்பவர் முதலில் வீட்டுக்காரரை ஃபோனில் அழைப்பார். எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணை அழைப்பார். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த ஊர்க் காவல்துறைக்குச் சொல்வார். அவ்வளவுதான். யாரும் இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. செய்தி வராதவரை அந்த வீடு அவர்கள் திரையில் கிடையவே கிடையாது. அந்த நிலையம் வேறு மாநிலத்தில் இருக்கலாம். பல சிறு நிறுவனங்கள் சொந்தமாக நிலையம் வைத்துக்கொள்வதுகூட இல்லை. மொத்த வியாபாரமாகக் கண்காணிப்பு செய்யும் இன்னொரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகின்றன. அதற்கு ஒரு வீட்டுக்கு மாதம் சில டாலர்களே ஆகும்.

அப்படியென்றால் மீதிப் பணம் எங்கே போகிறது? இங்கேதான் 'இலவசக் கருவி'யின் ரகசியம் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரின் மதிப்பை அவரது மாதக் கட்டணத்தை வைத்தே அளக்கிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தை உள்ளூர் டீலர் பெரிய நிறுவனத்துக்கு விற்கும்போது, மாதக் கட்டணத்தைப் போல முப்பது மடங்கு வரைகூட விலை கிடைப்பதுண்டு. ஐம்பது டாலர் ஒப்பந்தம் ஒன்று ஆயிரத்து ஐந்நூறு டாலருக்குக் கைமாறலாம் என்று அர்த்தம். அதிலிருந்துதான் கருவியின் விலை, பொருத்தும் கூலி, கதவைத் தட்டிய இளைஞரின் கமிஷன் எல்லாம். இலவசமாக வந்தது எதுவும் இல்லை. எல்லாம் தவணையில் வந்திருக்கிறது. கடன் என்று எழுதினால் வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள், கட்டணம் என்று எழுதினால் கேட்க மாட்டார்கள்.

சரி, கணக்குக்கு வரலாம். ஒப்பந்தம் 36 மாதம். முதல் ஆண்டு மாதம் 50. முதல் ஆண்டுக்குப் பிறகு கட்டணத்தை உயர்த்தும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் நிறுவனத்துக்கே கொடுத்துவிடுகின்றன. அதனால் இரண்டாம் ஆண்டு 53, மூன்றாம் ஆண்டு 56 என்று வைத்தால் மூன்று ஆண்டுக் கட்டணம் 1,908 டாலர். பல மாநிலங்களில் இந்தச் சேவைக்கு விற்பனை வரி உண்டு. 8 சதவீதம் என்று கொண்டால் 153. பொருத்தும்போது 'ஆக்டிவேஷன்' என்ற பெயரில் 99. இலவசப் பொட்டலத்தில் மூன்று சென்சார்தான் இருக்கும், வீட்டிலோ ஒன்பது ஜன்னல் இருக்கும். கூடுதல் சென்சாரும் வாசலுக்கு ஒரு கேமராவும் சேர்ந்து 300. அலாரம் வைத்திருப்பதற்கே பல ஊர்களில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு 50 என்றால் 150. பேட்டரிகளுக்கு 40. சமையல் புகையோ, சாவியோடு வந்து எண்ணை மறந்துபோன விருந்தாளியோ காரணமாக ஒரே ஒரு முறை பொய் அலாரத்துக்கு அபராதம் 50. கூட்டினால் 2,700 டாலர். 36ஆல் வகுத்தால் மாதம் 75.

ஐம்பது எழுபத்தைந்தானதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு தாளில் எழுதியிருக்கிறது. எல்லாம் ஒரே தாளில் இல்லை, அவ்வளவுதான்.

இது எல்லாம் நல்லபடியாக நடந்தால் வரும் கணக்கு. இருபதாவது மாதம் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க வாழ்க்கையில் இது அதிசயமே இல்லை. மீதியிருப்பது 16 மாதம். மீதித் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போகச் சொல்வது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள நிபந்தனை. முழுத் தொகையையும் கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. மாதம் 53 வீதம் 16 மாதம் 848, அதில் முக்கால் பங்கு 636. அதுவரை கட்டிய கட்டணமும் வரியும் 1,106. பொருத்துக் கூலி 99, கூடுதல் கருவி 300, இரண்டு ஆண்டு அனுமதி 100. மொத்தம் 2,241. இருபதால் வகுத்தால் மாதம் 112 டாலர்! புதிய வீட்டுக்கும் அதே நிறுவனம் வரத் தயார்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் புதிய ஒப்பந்தம், புதிய 36 மாதம்.

கருவிக்கும் ஆயுள் உண்டு, அதைவிட முக்கியமாக அது பேசும் அலைவரிசைக்கும் ஆயுள் உண்டு. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் பழைய அனலாக் செல்போன் சேவையை நிறுத்த அனுமதி கிடைத்தது. அதை நம்பியிருந்த அலாரங்கள் ஊமையாயின. 2ஜி-யை ஏடி&டி 2016 முடிவோடு நிறுத்தியது, 3ஜி-யை 2022 பிப்ரவரியில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான வீடுகளில் ரேடியோவை மாற்ற வேண்டியிருந்தது. சில நிறுவனங்கள் தாமே மாற்றிக்கொடுத்தன. சில பில் அனுப்பின. இன்னும் சில, 'இலவசமாக மாற்றுகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று ஒப்பந்தத்தையே புதுப்பித்துக்கொண்டன. சொந்தமாகப் பணம் போட்டு வாங்கியவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. 2017ல் வந்த நெஸ்ட் செக்யூர் என்ற அலாரத்தின் விற்பனை 2020ல் நின்றது, 2024 ஏப்ரலில் சேவையும் நின்றது. பல நூறு டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி அலமாரி அலங்காரம் ஆனது.

பணத்தை விடலாம், காவல் வருகிறதா? அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் பொய் என்று அமெரிக்க நீதித்துறை காவலர்களுக்காக வெளியிட்ட கையேடு ஒன்று சொல்கிறது. எந்த ஊர்ப் போலீஸும் இதற்கு எத்தனை நாள் ஓடிக்கொண்டிருக்கும்? சால்ட் லேக் சிட்டி 2000லேயே, நேரில் ஒருவர் பார்த்து உறுதி செய்தால்தான் வருவோம் என்று விதி போட்டது. சியாட்டில் காவல்துறை 2024 அக்டோபரிலிருந்து வீடியோ, ஒலி, நேரில் பார்த்த சாட்சி, ஆபத்துப் பொத்தான் போன்ற ஏதாவது ஆதாரம் இல்லாமல் வெறும் சென்சார் செய்திக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இப்படிப்பட்ட ஊரில் கேமரா இல்லாத ஐம்பது டாலர் சேவையை வாங்குகிறவர், தனக்கு ஒரு ஃபோன் வரும் என்பதைத்தான் வாங்குகிறார். கேமரா சேர்த்தால் கட்டணம் கூடும். எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறுவனத்திடம் இல்லை, அந்த ஊர்க் காவல் நிலையத்திடம். அலாரம் அடித்தும் திருட்டுப் போனால் நிறுவனம் ஈடு கட்டும் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிக்கலாம். நிறுவனத்தின் பொறுப்பு சில நூறு டாலரோடு முடிந்துவிடுவதாக அங்கே இருக்கும்.

இதனால் அலாரமே வீண் என்று சொல்லிவிட முடியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாக ஆய்வாளர்கள் சிறையிலிருந்த 422 கன்னக்கோல்காரர்களிடம் கேட்டார்கள். சுமார் 83 சதவீதம் பேர் வீட்டில் அலாரம் உண்டா என்று முதலில் பார்ப்போம் என்றார்கள். அலாரம் இருந்தால் வேறு வீடு பார்ப்போம் என்றவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அலாரத் தொழிலைச் சேர்ந்த அறக்கட்டளை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் பதிலில் நியாயம் இருக்கிறது. திருடன் பயப்படுவது பலகைக்கும் சத்தத்துக்கும். வேறு மாநிலத்தில் யாரோ ஃபோன் எடுக்கிறார்களா என்பது அவன் கவலை இல்லை.

வீட்டுக் காப்பீட்டில் தள்ளுபடி கிடைக்கும் என்ற பேச்சும் கட்டாயம் வரும். உண்மைதான். கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்த அலாரத்துக்குச் சலுகை உண்டு. ஆனால் விளம்பரத்தில் வரும் 20 சதவீதம், தீயணைப்புத் தெளிப்பான் வரை எல்லாம் உள்ள வீட்டுக்கு. சாதாரணமாகக் கிடைக்கும் 5 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 1,800 டாலர் பிரீமியத்தில் 90 மிச்சம், மாதம் ஏழரை டாலர். எழுபத்தைந்து அறுபத்தேழரை ஆகும்.

2006ல் தொடங்கிய சிம்ப்ளிசேஃப், 2018ல் மாதம் 10 டாலர் கண்காணிப்போடு வந்த ரிங் அலாரம் போன்றவை இந்தத் தொழிலின் வழக்கத்தைக் கொஞ்சம் உலுக்கின. கருவியைக் காசு கொடுத்து வாங்கி, தாமே ஒட்டிக்கொண்டு, மாதா மாதம் கட்டுவது. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். வரி சேர்த்துக் கருவி 300, கண்காணிப்பு மாதம் 20 என்று வைத்து, அதே வரியும் அனுமதியும் பேட்டரியும் அபராதமும் சேர்த்தால் மூன்று ஆண்டுக்கு 1,318 டாலர். மாதம் 37க்கும் குறைவு. இருபதாவது மாதம் ஊர் மாறினாலும் மாதம் 42ஐத் தாண்டாது, பெட்டியும் லாரியில் கூடவே வரும். ஒன்பது ஜன்னலிலும் ஏணி வைத்து ஒட்டும் பொறுமை வேண்டும், அது ஒன்றுதான். வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில், பொருத்திக் கொடுத்து, கெட்டுப்போனால் வந்து பார்க்கும் ஆளுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவுதான். மாதம் எழுபத்தைந்து என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. வீட்டு வாசலில் 25 டாலருக்கு மேல் நடக்கும் விற்பனையை மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. அதற்கான படிவத்தை விற்பவரே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது கதவு ஒப்பந்தத்தின் கடைசியில் திறக்கிறது. 36 மாதம் முடிந்ததும் தானாக நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. முடிவதற்கு 30 அல்லது 60 நாள் முன்பே எழுத்தில் சொல்லாவிட்டால் தானாகவே நீண்டுவிடும். சிலவற்றில் மாதம் மாதமாக, சிலவற்றில் இன்னொரு முழு ஆண்டுக்கு. ஃபோனில் சொன்னது கணக்கில் வராது. கண்காணிப்பு தொடங்கிய தேதியிலிருந்து எண்ணி, முப்பத்துமூன்றாவது மாதமே நாட்காட்டியில் குறித்துவைத்து, ரசீதோடு கூடிய பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட வேண்டும். வாசலில் நட்ட பலகையைத் திருப்பிக் கேட்டு யாரும் வரப் போவதில்லை.