டிரான்ஸ்ஃபர் ஆர்டரும் ஒரு டிரவுட்டும்

பேங்க்காரனுக்கு நண்பன் இருக்கலாம். ஆனால் அந்த நண்பன் நம்ம பிராஞ்சிலேயே லோன் வாங்கியிருந்தால் கொஞ்சம் கஷ்டம்தான். டீ குடிக்கலாம், அதற்கு மேல் ஒரு ஆப்பிள் பெட்டி வீட்டுக்கு வந்தாலும் பதில் சொல்லணும்.

இமாச்சலில் குல்லு மாவட்டத்தில் மூன்று வருஷம் மேனேஜராக இருந்தேன். அங்கே கிடைத்த நண்பருக்கு என்னைவிடப் பத்து வயசு கூட. நான் அவரை 'பாய்சாப்' என்பேன், அவர் என்னை 'மேனேஜர் சாப்' என்பார். தீர்த்தன் ஆற்றங்கரையில் டிரவுட் மீன் பண்ணை வைத்திருந்தார். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, நீளமான சிமெண்ட் தொட்டிகளில் ஓடவிட்டு மீன் வளர்ப்பார்கள். அதற்கு லோன் கொடுத்தது நம்ம பிராஞ்ச்.

ஒவ்வொரு கோடையிலும் "ஒரு நாள் ஆற்றுக்கு வாங்க, ஃப்ளை ஃபிஷிங் கற்றுத் தருகிறேன்" என்று கூப்பிடுவார். நானும் ஏதாவது சாக்கு சொல்லுவேன். 2024 மே கடைசியில் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. அன்று சாயங்காலமே போன். "இனிமேல் நீங்கள் என் மேனேஜர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாங்க."

தங்கமணி சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். "வீடு கிடக்கிற கிடையில் மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க. அதையும் சொல்லிட்டு வந்துடுங்க" என்றாள். எதை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

குல்லுவிலிருந்து கிளம்பி, ஔட் தாண்டி, லார்ஜி வழியாக பஞ்சார் பக்கம் திரும்ப வேண்டும். பனி உருகி வந்த பியாஸ் சாம்பல் கரைத்த மாதிரி ஓடியது. தீர்த்தனோ அடியில் கிடக்கும் கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. மீன்வளத் துறையில் ஒரு நாள் லைசென்ஸ் எடுத்தோம். என் லைசென்சுக்கு நானே பணம் கொடுத்தேன். பழக்க தோஷம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் முட்டையிடும் காலம் என்பதால் ஆற்றை மூடிவிடுவார்கள், மார்ச்சில்தான் திறப்பார்கள்.

நமக்குத் தெரிந்த மீன்பிடி வேறு. தாமிரபரணி வாய்க்காலில் மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு. போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் கெண்டையோ கெளுத்தியோ அதுவாக வந்து மாட்டும். இங்கே புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. சின்ன முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருக்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. அதனால் அதை வீச முடியாது, கனமான கயிற்றைத்தான் வீசணும். கயிறு பறக்கும்போது பூச்சியும் கூடவே போகும். கழியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, கயிறு நமக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் தள்ள வேண்டும். நான் காத்திருக்காமல் தள்ளித் தள்ளி, முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை புதரிலும் ஒரு தடவை என் சட்டைக் காலரிலும் மீன் பிடித்தேன் :-)

"அவசரப்படாதீங்க மேனேஜர் சாப், இது மார்ச் கிளோசிங் இல்லை" என்றார்.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்குமாம், அடித்து வரும் பூச்சி நேராக வாய்க்கு வரும் என்று. அதனால் நாம் பின்பக்கமிருந்து, கீழிருந்து மேலாகப் போகணும். இந்த மீன்கூட உள்ளூர் இல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. நம்ம நீலகிரி அவலாஞ்சியிலும் அந்தக் காலத்திலேயே ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். நம்மைப் போல டிரான்ஸ்ஃபரில் வந்த ஜாதி.

மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்து ராஜ்மாவும் சாதமும் சாப்பிட்டோம். எதிர்க்கரையில் அவருடைய பண்ணை. நாலு தொட்டியில் இரண்டில்தான் தண்ணீர் இருந்தது.

2023 ஜூலை வெள்ளம் நினைவிருக்கும். வாய்க்கால் வாயைச் சேறும் கல்லும் அடைத்துவிட்டது. ஓட்டம் நின்றால் டிரவுட்டுக்கு மூச்சு நின்ற மாதிரி. ஒரே ராத்திரியில் முக்கால்வாசி மீன் போச்சு. இயற்கைச் சீற்றத்துக்கு லோனைத் திருத்தி அமைத்துத் தவணையைத் தள்ளிப்போட வழி உண்டு. ஆனால் அப்போதைய விதிப்படி அதை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் அவர் எல்லா பேப்பரும் கொடுத்துவிட்டார். அந்த ஃபைல் என் டிராயரில் இருந்தது. அப்பா திவசத்துக்கு ஊருக்குப் போனேன், போன இடத்தில் இன்னும் ஒரு வாரம் லீவை நீட்டினேன். திரும்பி வந்து தூசு தட்டி மேலே அனுப்பும்போது தேதி தாண்டிவிட்டது. 90 நாள் பாக்கியில் கணக்கு என்.பி.ஏ. ஆனது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வேறு எங்கோ மனைவியின் நகையை அடகு வைத்து அவர் பாக்கியைக் கட்டினார். "மேலே ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அந்தப் பாறையில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னேன். டிராயர், லீவு, தேதி, எல்லாம்.

டிஃபன் டப்பாவை ஆற்றில் கழுவிக்கொண்டே கேட்டார். "தெரியும். உங்கள் பியூன் என் மச்சான் கிராமம். நவம்பரிலேயே சொல்லிவிட்டான்."

"அப்புறம் ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் நீங்கள் ஏதாவது பொய் சொல்லியிருப்பீங்க. அப்புறம் உங்களை ஆற்றுக்குக் கூப்பிட முடியாது." கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்காரிக்கு இன்னும் கோபம்தான். அதனால்தான் சாப்பாடு நானே சமைத்தது" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நிழல் விழ ஆரம்பித்தாச்சு, வாங்க" என்று எழுந்தார்.

ஐந்து மணி வாக்கில் ஒரு பெரிய கல்லுக்குக் கீழே இருந்த மடுவில் என் கயிறு முதல் முறையாக நேராகப் போய் விழுந்தது. ஒரு சின்னச் சுழி. வெடுக்கென்று இழுத்தது. "கழியைத் தூக்குங்க! இழுக்காதீங்க, ஓடவிடுங்க!" என்று கத்தினார். கடைசியில் வலைக்கு வந்தது ஒரு சாண் நீளமுள்ள பிரவுன் டிரவுட். மஞ்சள் வயிறு, உடம்பில் சிவப்புப் புள்ளி.

கையை முதலில் நனைக்கச் சொன்னார். காய்ந்த கை பட்டால் அதன் மேல்தோலின் வழுவழுப்பு போய்விடுமாம். முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஐஸ். விரல் மரத்துப்போனது. "அதுவாகப் போகிறவரை பிடியுங்க. தள்ளிவிடக் கூடாது." செவுள் திறந்து மூடியது. ஒரு நிமிஷம் இருக்கும். வாலை ஒரு உதறு, கல்லுக்கடியில் போய்விட்டது.

இப்போது நாக்பூரில் இருக்கிறேன். வெயில் 45 டிகிரி, ஆறு கண்ணில் படவில்லை. அடுத்தவருடைய ஃபைலை டிராயரில் வைப்பதை விட்டுவிட்டேன், மேஜைமேல் கண் எதிரேதான் கிடக்கும். போன மாதம் பாய்சாப் போன் பண்ணினார். மூன்றாவது தொட்டியில் தண்ணீர் விட்டாச்சாம். நகையில் பாதி திரும்பி வந்துவிட்டதாம்.

"வீட்டில் கோபம்?" என்று கேட்டேன்.

"அடுத்த ஜூனுக்கு வாங்க, நேரிலேயே பாருங்க" என்றார்.

தங்கமணியும் வருகிறேன் என்கிறாள். டிக்கெட் போடணும்.