பூச்சுக்கு முன்

கோவையில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் முப்பது ஆண்டுகள் ஓட்டிய மிதிவண்டி, அவர் மறைவுக்குப்பின் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்தது. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பேரன், அதில்தான் பள்ளிக்குச் செல்வேன் என்றான். அவன் தந்தை வண்டியைப் பிரித்தார். சக்கரங்கள், கைப்பிடி, மிதிகட்டைகள் யாவும் அகன்றபின் எஞ்சிய சட்டகத்தைத் தோளில் சுமந்து, பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறைக்கு மகனுடன் சென்றார்.

தூரிகையால் தீட்டும் வண்ணம் வேறு, தூள்பூச்சு வேறு. இதில் கரைப்பான் இல்லை. மின்னூட்டம் பெற்ற நுண்தூள், துப்பாக்கி போன்ற கருவியிலிருந்து வெளிப்பட்டு, தரையிணைப்புச் செய்யப்பட்ட இரும்பை நாடி ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள உலையில் அத்தூள் உருகிப் பரவி, உறுதியான மேலுறையாக இறுகுகிறது. ஆனால், துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ சிறிது எஞ்சினும் பூச்சு நிலைக்காது. ஆகவே, முதற்பணி பூசுவதன்று, களைவது.

பட்டறை முதியவர் அழுத்தக் காற்றுடன் மணல்போன்ற துகள்களைச் சட்டகத்தின்மீது பாய்ச்சினார். பழைய கறுப்பு வண்ணம் உதிர்ந்தது. குறுக்குக் குழாயில் தாத்தா எழுதி வைத்திருந்த தம் பெயரின் முதலெழுத்துகளும் அதனோடு மறைந்தன. தந்தையின் முகம் வாடியது. எஃகு வெண்சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டபோது, கீழ்க்குழாய் முன்குழாயுடன் இணையுமிடத்தில் மயிரிழை போன்றதொரு விரிசல் தெரிந்தது.

"வண்டி யாருக்குங்க?" என்றார் முதியவர்.

"பையனுக்குங்க."

"அப்போ இன்னைக்குப் பூச வேண்டாங்க. பூசினா விரிசல் மறைஞ்சிடும். ஆனா பள்ளத்துல இறங்குறப்போ குழாய் ஒடிஞ்சிடும்."

பூச்சின் தடிமன் பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான் வரையே. விரிசலை மறைக்க அது போதும். வண்டியைத் தாங்க அது போதாது. அன்றே பூசிக் கூலி பெற்றிருக்கலாம், கேட்பார் எவருமில்லை. முதியவரோ சட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வேறொரு பட்டறையில் பழுதுற்ற குழாய் மாற்றப்பட்டு, பித்தளையால் பற்றவைக்கப்பட்டது. பத்து நாள்களுக்குப்பின் சட்டகம் மீண்டும் வந்தது. முதியவர் அதை மறுமுறை தூய்மை செய்தார். வியர்வை படாதிருக்கக் கையுறை அணிந்தார். மரைகளில் தூள் புகாதவாறு வெப்பம் தாங்கும் அடைப்பான்களைச் செருகினார். உலையிலிருந்து வெளிவந்த சட்டகம் கரும்பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது.

இன்று அந்த மாணவன் அவ்வண்டியில் பள்ளி செல்கிறான். பார்ப்போர் அதன் பளபளப்பைப் புகழ்கின்றனர். அவனோ, கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்பின்மீது அவ்வப்போது விரல் வைத்துப் பார்க்கிறான். பளபளப்பு விலைக்குக் கிடைத்தது. அதன் அடியிலுள்ள உறுதியோ, ஒருவர் உண்மையை மறைக்க மறுத்ததால் கிடைத்தது.