கையொப்பத்தின் தகுதி

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு மாணவன் பிரவேசம் பெற்று, பிரதம, துவிதீய, திருதீய சோபானங்கள் என்னும் படிகளைக் கடந்து, ராஜ்ய புரஸ்கார் என்னும் ஆளுநர் விருதையும், அதற்கும் மேலான குடியரசுத் தலைவர் விருதையும் நோக்கி ஏறிச் செல்கையில், அவன் கற்றவற்றைப் பார்த்துச் சாரண ஆசிரியர் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. அதை எப்போது இடுவது, எப்போது நிறுத்தி வைப்பது என்று அறிவதே இப்பணியின் சாரம் என்பது என் அனுபவத்தில் கண்டு தெளிந்த உண்மை.

முதலுதவியில் முக்கோணத் துணிக்கட்டை முடிக்கும் ரீஃப் முடிச்சையே எடுத்துக்கொள்வோம். முதலில் வலமுனையை இடமுனையின் மேலும், பிறகு இடமுனையை வலமுனையின் மேலும் இட்டு இறுக்கினால் முடிச்சு தட்டையாகப் படியும். நோயாளியின் உடம்பை உறுத்தாது. இரண்டாம் முறையும் வலமுனையையே மேலே போட்டுவிட்டால், பார்வைக்கு அதுவும் முடிச்சாகவே இருக்கும். ஆனால் முனைகள் குறுக்கே துருத்தி நிற்கும், இழுவையில் நழுவும். அவ்வாறு கட்டிய சிறுவனிடம் நான் உடனே குறை சொல்வதில்லை. அவனே விரலால் தடவிப் பார்த்து, முகம் சுளித்து, அவிழ்த்து, மறுபடி கட்டும் வரையில் மௌனமாய் இருப்பேன். தன் வேலையைத் தானே பரிசோதிக்கும் அந்தச் சுபாவம் படிந்த பிறகே என் பேனா திறக்கும்.

வகுப்பில் ஒருவன் முதல் ஸ்தானம் பெற்றால் ஏனையோர் பின்னே நிற்கத்தான் வேண்டும். இங்கோ ஒருவன் அடையும் தகுதி இன்னொருவனிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. அளவுகோல் எல்லார்க்கும் ஒன்று, ஏறும் வேகம் அவரவருடையது. மதிப்பெண் பட்டியலின் அடியில் நிற்கும் மாணவன், மழையில் கூடாரத்தைச் சுற்றி வடிகால் வெட்டி, தன் அணியின் சிறுவர்களுக்குச் சோறாக்கிப் போட்டு, தானும் ஒரு காரியத்துக்கு உரியவன் என்று தலைநிமிர்வதைக் கண்ட ஆசிரியன், விருதினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கமாட்டான்.

இந்தியச் சிறுவர்களுக்குச் சாரணர் அமைப்பில் இடம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 1916-இல், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அச்சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார். பிற்காலத்தில் தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. அவ்வாறு எல்லார்க்கும் திறந்த வாயிலைக் காப்பது எவ்வளவு அவசியமோ, உள்ளே உள்ள படிகளைத் தாழ்த்தாதிருப்பதும் அவ்வளவு அவசியம். விருதுப் பட்டியலை நீட்டும் அவசரத்தில் பயிலாததைப் பயின்றதாக எழுதித் தரும் ஆசிரியன், மாணவனுக்கு அவனுடைய முதற்பொய்யைக் கற்பித்தவனாவான். பொறுத்திருந்து, தகுந்தபோது கையொப்பமிடுபவனோ, தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டென்று அம்மாணவன் வாழ்நாள் முழுதும் நம்புவதற்கு வழி செய்தவனாவான்.