எங்கப்பா கேடிதான்!



என் அப்பா ஒரு கேடி. சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும் கேடி இல்லை. கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்த மட்டையை எடுக்கலாம், பந்து எந்தப் பக்கம் சரியும் என்று சொல்கிறவருக்கும் கேடி என்றுதான் பெயர். எட்டாம் வகுப்பு வரை யாராவது "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால், "கிளப்பில் வேலை" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். அந்த வெட்கம் எனக்கு 1,500 ரூபாய் செலவு வைத்த கதைதான் இது. நான் பட்டர் வாங்கிய கதை. பன்னில் தடவுகிற பட்டர் இல்லை!

பந்தைக் கடைசியில் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான். பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். 18 குழிகளுக்கு 72 அடி என்று கணக்கு வைத்தால், குழிக்கு 2 வீதம் 36 அடி இந்த ஒரே மட்டைக்கு. சரிபாதி!

கூட்டம் இல்லாத நாளில் கேடிகளின் பிள்ளைகளைப் பயிற்சிப் புல்தரையில் ஆட விடுவார்கள். கேடி அறையில் பொதுவாகக் கிடந்த ஒரு பட்டரில்தான் நான் பழகினேன். துருப்பிடித்தது, பிடி பிய்ந்தது. ஒருநாள் காரில் வந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது மியூசியத்துல எடுத்ததா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன மே லீவில் கேரட் தோட்ட வேலைக்குப் போய் 4,000 ரூபாய் சேர்த்தேன். ஒரு பெரியவர் தன் பட்டரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாவிடம் சொல்லாமலே வாங்கிட்டேன். பெரிய தலை, பளபளவென்று இருந்தது. மாலெட் என்பார்கள். புதுசு என்றால் இதைவிடப் பல மடங்கு விலையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் பத்து நாள் ஆடியும் பந்து இடது பக்கமே போனது. குழி தள்ளி நின்று என்னைக் கேலி செய்வது போல இருந்தது.

அப்பா கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. மட்டையின் தண்டை ஒரு விரல் மேல் படுக்கவைத்துக் காட்டினார். பந்தை அடிக்கும் முகம் வானத்தைப் பார்த்து நின்றது. "பாரு கண்ணு, இது நேரா பின்னால போய் நேரா முன்னால வர்ற கைக்குச் செஞ்சது. உன் கை கதவு திறந்து மூடுற மாதிரி வளைஞ்சு வருது. உனக்கு நுனி கீழ தொங்குற பட்டர்தான் சரி" என்றார்.

பிறகு என்னை நிற்கவைத்து, மட்டைத் தலையின் நுனிக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினார். சுலபமாக நுழைந்தது. 35 அங்குலப் பட்டர் என் உயரத்துக்கு நீளம்; அதனால் நுனி தூக்கிக்கொண்டு நின்றது. நுனி தூக்கினால் வலது கைக்காரருக்குப் பந்து இடது பக்கம் போகுமாம்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஆறடி தூரத்திலிருந்து இருபது பந்து. புது மாலெட்டில் 7 விழுந்தது. அந்த 'மியூசியம்' பட்டரில் 12!

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சும் ஏம்ப்பா நீங்க யார்கிட்டயும் சொல்றதில்ல?" என்று கேட்டேன்.

"தினமும் சொல்றேனே கண்ணு. பதினெட்டு குழிக்கும் சொல்லிட்டேதான் நடக்கிறேன். நீதான் கேட்டதில்ல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து நிறையக் கேட்டேன். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற எஞ்சினியர் தனக்குப் பட்டர் சரியாக வரவில்லை என்றுதான் 1959-ல் சொந்தமாக ஒன்று செய்தாராம். அடித்தால் 'பிங்' என்று சத்தம் வந்ததால் கம்பெனிக்கும் அதுவே பெயராகிவிட்டது. எடையைத் தலையின் இரண்டு ஓரத்துக்கும் தள்ளி வைத்தால், பந்து நடுவில் படாவிட்டாலும் மட்டை அதிகம் திரும்பாது என்பது அவர் யோசனை. கேடியாக இருந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓபன் ஜெயித்தார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் ஜெயித்தார். இதையெல்லாம் அப்பா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே!

மாலெட்டை 2,500 ரூபாய்க்கு விற்றேன். 1,500 நஷ்டம். அப்பா தேடிப் பிடித்த 33 அங்குலப் பழைய பட்டர் 1,000 ரூபாய். புதுப் பிடி 300 ரூபாய். மெல்லிய தலை, பார்க்கச் சுமார்தான். ஆனால் பந்து குழியைத் தேடிப் போகிறது.

நான் காசு கொடுத்துக் கற்ற பாடங்கள் (உங்களுக்கு இலவசம்!):

1. முதலில் உங்கள் கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பிறகு விரல் மேல் வைத்து மட்டையைப் பாருங்கள்.
2. குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே இருக்கணும், அடிப்பக்கம் தரையில் படியணும். அதுதான் உங்கள் நீளம்.
3. பழசு என்றால் தண்டு வளையாமல், தலை ஆடாமல் இருக்கிறதா பாருங்கள். பிடியை மாற்றிக்கொள்ளலாம்.
4. இருபது பந்து போட்டு எண்ணிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.
5. அடுத்தவர் சிரிக்கிறார் என்பதற்காக எதையும் வாங்காதீர்கள்.

கிரிக்கெட் மட்டை, ஷூ வாங்கப் போகும் நண்பர்களே, ஐந்தாவது பாடம் உங்களுக்கும்தான்.

இப்போது யாராவது "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால், "கேடி" என்று சத்தமாகவே சொல்கிறேன். அவர்கள் சிரித்து முடித்ததும் விளக்கம் சொல்ல எனக்கு நிறைய விஷயம் இருக்கிறது.



— +1 'அ' பிரிவு மாணவி